நாஷ்வில்லில் ஒரு நாள்: பார்ப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள்

அட்லாண்டாவிலிருந்து காரில், டென்னஸி மாநிலத்தின் இசை நகரமான நாஷ்வில் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். ஐ-24 நெடுஞ்சாலையில் சட்டனூகாவைத் தாண்டிய சற்று தூரத்திலேயே கிழக்கு நேரம் முடிந்து மத்திய நேரம் தொடங்கிவிடுகிறது. காலை ஆறு மணிக்கு அட்லாண்டாவில் புறப்பட்டு 250 மைல், நான்கு மணி நேரம் ஓட்டினால், நாஷ்வில் கடிகாரத்தில் ஒன்பதுதான் ஆகியிருக்கும். லூயிவில்லிலிருந்து ஐ-65-இல் 175 மைல் இறங்கி வருகிறவர்களுக்கும் இதே லாபம். மெம்பிஸிலிருந்து ஐ-40-இல் 210 மைல் வருகிறவர்களுக்குக் கிடையாது, அங்கேயும் மத்திய நேரம்தான்.

கிடைத்த அந்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். இரவுக் கச்சேரி கேட்டுவிட்டு அப்படியே வீடு திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். இரவு ஒன்பதரைக்குக் கிளம்பினால் அட்லாண்டா சேர விடிகாலை இரண்டரை. வழியில் மான்டீகில் மலையின் கிழக்குச் சரிவு வேறு இருக்கிறது. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையின் இடப்பக்கம் தனி ஏற்றப் பாதைகள் போட்டு வைத்திருக்கும் இறக்கம் அது. பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். தூக்கக் கண்ணோடு செய்கிற வேலையில்லை. ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

ஊர் நெருங்கும்போது கார் ரேடியோவை ஏ.எம். 650-க்குத் திருப்புங்கள். டபிள்யூ.எஸ்.எம். என்ற நிலையம். அந்த மூன்றெழுத்து, இலட்சக்கணக்கானோருக்குக் கேடயம் நாங்கள் என்ற இன்ஷூரன்ஸ் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகள். ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி பாலிசி விற்க ஆரம்பித்த ரேடியோ அது. 1925 நவம்பர் 28 அன்று ஒரு முதிய பிடில்காரரை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சிதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் கிராண்ட் ஓல் ஆப்ரி. 1927-இல் வந்த பெயர் அது, முன்னால் ஒலிபரப்பான ஆபரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாட்டு நிகழ்ச்சியைக் கிண்டல் செய்து அறிவிப்பாளர் வைத்தது. நிலையத்தின் சக்தி 50,000 வாட். மத்திய அலை இரவில் வானத்தில் பட்டுத் திரும்புவதால் பல மாநிலங்களுக்குக் கேட்கும். கிராமத்துப் பண்ணை வீடுகளில் சனிக்கிழமை இரவு இதைக் கேட்டவர்கள், பாடியவர்களைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாடத் தெரிந்தவர்களும் வந்தார்கள். நாஷ்வில் இசை நகரமானதற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். தெற்கே ஐ-65-இல் பிரென்ட்வுட் பக்கம் போனால், நடுவில் பருத்து இரு முனையும் கூராக நிற்கும் பழைய ஒலிபரப்புக் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும். 1932-இல் எழுப்பியது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஐ-24, ஐ-40, ஐ-65 மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நகர மையத்தைச் சுற்றுகின்றன. எண்ணை நம்பினால் குழப்பம்தான். ஒரே சாலைக்கு இரண்டு எண் இருக்கும், வெளியேறும் தடம் திடீரென்று இடப்பக்கம் வரும். பலகையில் உள்ள ஊர்ப் பெயரைப் பாருங்கள்: மெம்பிஸ் என்றால் மேற்கு, நாக்ஸ்வில் கிழக்கு, லூயிவில் வடக்கு, ஹன்ட்ஸ்வில் தெற்கு, சட்டனூகா தென்கிழக்கு.

அடுத்தது பார்க்கிங். இந்த ஊரில் பயணிகள் அதிகம் சூடு வாங்குவது காரத்துக்குப் பெயர்போன கோழிக் கடையில் அல்ல, இங்கேதான். நகர மையத்துத் தனியார் நிறுத்துமிடங்கள் பலவற்றில் ஆளும் இல்லை, தடுப்புக் கட்டையும் இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். நீங்கள் போனில் கட்டம் போட்ட குறியை ஸ்கேன் செய்து பணம் கட்ட வேண்டும். மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிறுத்துமிடங்கள் வெவ்வேறு கம்பெனிகளுடையவை, மண்டல எண்ணும் வேறு. பக்கத்து இடத்துக்குக் கட்டிய பணம் செல்லாது. வாடகைக் கார் என்றால் பிளேட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் கட்டாத கணக்குத்தான், அபராதக் கடிதம் கார் கம்பெனிக்குப் போய் அவர்களுடைய கட்டணமும் சேர்ந்து உங்களிடம் வரும். கட்டிய நேரம் முடிந்து பத்து நிமிடம் தாமதித்தாலும் அதே கதை. ஆகவே இறங்கியவுடன் பிளேட்டையும் அறிவிப்புப் பலகையையும் படம் எடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் நுழைவாயிலில் சீட்டு தரும் கட்டடப் பார்க்கிங்கைத் தேடுங்கள். சர்ச் தெரு நூலகத்தின் அடியில் ஒன்று இருக்கிறது. ஹாக்கி, கால்பந்து ஆட்ட நாட்களில் கட்டணம் இரண்டு மூன்று மடங்காகும் என்பதால் வரும் தேதியில் ஆட்டம் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி, பையெல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி காரில் கிடக்கக் கூடாது. நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து சாமான்களை மாற்றுவதும் தப்பு, வருகிற வழியிலேயே மாற்றிவிட வேண்டும்.

ஒரு நாளில் என்ன பார்ப்பது என்ற கேள்விக்கு எங்கள் கணக்கு எளியது: ஒரு பழைய அரங்கம், ஓர் அருங்காட்சியகம், டிக்கெட் இல்லாத ஒரு மேடை, இருக்கையில் உட்கார்ந்து கேட்கும் ஒரு கச்சேரி. இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் மாலையில் காது ஒத்துழைக்காது. காலையில் மூன்று அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, கச்சேரி நேரத்தில் விடுதியில் படுத்துக்கிடப்பவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் கிடாரைப் பார்க்க வந்தவர்களாக முடிகிறார்கள்.

பழைய அரங்கம் என்றால் ரைமன். டாம் ரைமன் என்ற படகுக் கம்பெனி முதலாளி, சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியார் பேச்சில் மனம் மாறி எழுப்பிய வழிபாட்டுக் கூடம், 1892-இல் முடிந்தது. செங்கல் கட்டடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், வளைந்த மர பெஞ்சுகள். 1943 முதல் 1974 வரை ஆப்ரி இங்கேதான் நடந்தது. அப்போது குளிர்சாதனம் கிடையாது. மேடைக்குப் பின்னால் பாடகர்கள் நிற்கக்கூட இடம் போதாது. பக்கத்துச் சந்து ஒன்றைத் தாண்டினால் டூட்சீஸ் என்ற ஊதா நிற மதுக்கூடத்தின் பின்வாசல், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அங்கே போய்விடுவார்கள். கிராமியப் பாடகர்களையும் இந்தத் தெரு மதுக்கூடங்களையும் பிணைத்தது அந்தச் சந்துதான். அதை நடந்து பாருங்கள், முப்பது அடி கூட வராது.

பகல் சுற்றிப்பார்வை காலை ஒன்பதுக்குத் தொடங்குகிறது. கட்டணம் ஆளுக்கு 30 டாலருக்கு மேல். வழிகாட்டி இல்லாமல் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். மாடிக்கு ஏறி நடு வரிசையில் ஐந்து நிமிடமாவது சும்மா உட்காருங்கள். மேடையில் யாராவது பேசினால் ஒலிபெருக்கி இல்லாமலே அந்த இடத்துக்கு வந்து சேரும். மரமும் வளைவும் செய்கிற வேலை அது. இரவில் இங்கே கச்சேரி கேட்கப்போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போது கீழ்த்தளப் பின் வரிசைகளைத் தவிர்க்கவும். மாடியின் அடிப்பாகம் மேடையின் மேல் பாதியை மறைக்கும், நடுவே தூண்களும் உண்டு. மாடியின் முன் வரிசைகள் நல்லவை. பெஞ்சில் மெத்தை கிடையாது, முதுகுவலிக்காரர்கள் சிறிய திண்டு ஒன்று கொண்டுபோகலாம்.

ரைமனிலிருந்து சில நிமிட நடையில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம், கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசைக்கான அருங்காட்சியகம். சன்னல்கள் பியானோக் கட்டைகள் போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏறி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் தங்கப் பூச்சுக் காடிலாக் காருக்கும், வெள்ளி டாலர்களும் துப்பாக்கிகளும் பதித்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் காருக்கும் முன்னால் கூட்டம் நிற்கும். உள்ளபடியே அதிகம் தருவது, ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யையும் சேர்த்து எடுக்கும் டிக்கெட்தான். அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நேராகப் போய் நுழைய முடியாது. ஹால் ஆஃப் ஃபேமிலிருந்து பேருந்தில் கூட்டிப்போவார்கள். காலையிலேயே நேரம் குறித்து எடுக்காவிட்டால் மத்தியானம் இடமிருக்காது. 1957-இல் கட்டிய ஒற்றை அறை அது. எல்விஸ் 200-க்கும் மேற்பட்ட பாட்டுகளை இங்கே பதிந்தார், சிலவற்றை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில். பாடகர் நிற்கச் சிறந்த இடம் எது என்று தரையில் குறி இருக்கிறது. அங்கே நின்று கை தட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றும் தட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஸ்டூடியோ இருக்கும் மியூசிக் ரோ என்ற வட்டாரத்தைத் தனியாகப் பார்க்கப் போக வேண்டாம். 16, 17-ஆம் அவென்யூக்களில் சாதாரண வீடுகள், உள்ளே பதிப்புரிமைக் கம்பெனிகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும். வாசலில் இன்ன பாட்டு முதலிடம் பிடித்தது என்று ஒரு பேனர் தொங்கும், அவ்வளவுதான். வேலை நடக்கிற இடம், வேடிக்கை காட்டுகிற இடம் இல்லை.

நாஷ்வில் என்றாலே தொப்பியும் பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரர் பாட்டு என்று நினைப்பவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கி ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குக் காரில் போய்வர வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1866-இல் தொடங்கிய கல்லூரி. பணமில்லாமல் மூடும் நிலை வந்தபோது 1871-இல் மாணவர்கள் ஒரு பாட்டுக் குழுவாகக் கிளம்பி, தங்கள் பெற்றோர் வயலில் பாடிய பக்திப் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடிச் சம்பாதித்தார்கள். 1873-இல் விக்டோரியா மகாராணி முன்னால் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழும்பியதுதான் ஜூபிலி ஹால். பக்கத்து ஜெபர்சன் தெருவில் ஒரு காலத்தில் கறுப்பர்களின் இசைக் கூடங்கள் வரிசையாக இருந்தன. பின்னாளில் ராக் இசையில் புகழ்பெற்ற ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயர் தெரியாத கிடார்காரராக வாசித்த தெரு. 1960-களின் கடைசியில் ஐ-40-ஐ அந்தக் குடியிருப்பின் நடுவே இழுத்தார்கள். வழக்குப் போட்டும் நிற்கவில்லை. மெம்பிஸிலிருந்து வந்தவர்கள் அதன் மேல்தான் வந்திருப்பார்கள். இந்த வரலாற்றை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் ரைமனுக்கு எதிரிலேயே, 2021-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசை தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஹால் ஆஃப் ஃபேம், இது, இரண்டில் ஒன்று மட்டும் என்றால், கன்ட்ரி பாட்டு அவ்வளவாகக் கேட்காத நம்மவர்களுக்கு இதுவே பொருத்தம். உள்ளே நாமே பாடி, தாளம் போட்டுப் பார்க்கும் கூண்டுகள் இருப்பதால் பிள்ளைகளும் சலிக்க மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சைவர்கள் கொஞ்சம் திட்டமிட வேண்டும். தென்மாநிலக் கடைகளில் ஒரு இறைச்சி, மூன்று தொடுகறி என்பதுதான் சாப்பாட்டு முறை. இறைச்சி வேண்டாம், காய்கறித் தட்டு என்று கேட்டால் நான்கு தொடுகறி வைப்பார்கள். ஆனால் பீன்ஸும் கீரையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்திருப்பதுதான் வழக்கம். ‘சைவமா?’ என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். பேக்கனோ ஹாமோ போட்டீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியை இந்த ஊரில் காய்கறிக் கணக்கில் சேர்ப்பார்கள், அதிசயப்படாதீர்கள்.

அசைவர்களுக்கு ஹாட் சிக்கன். காரம் என்றால் எங்களுக்கா என்று மார்தட்டி மேல்படியைக் கேட்பது நம்மவர்களின் தவறு. பொரித்த கோழியின் மேல் சிவப்பு மிளகாய்த்தூளைச் சூடான கொழுப்பில் குழைத்துப் பூசுகிறார்கள். நம் குழம்பில் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் புளியோ தேங்காயோ வெங்காயமோ இதில் இல்லை. எண்ணெயோடு நாக்கில் ஒட்டிக்கொண்டு தாமதமாக ஏறும். முதல் முறை நடுப்படி போதும். அடியில் இருக்கும் ரொட்டித்துண்டுதான் எண்ணெயையெல்லாம் குடித்தது, அதைக் கடைசியில் தொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது. பில்லில் 9.75 சதவீத விற்பனை வரி தனியாக வரும், அதற்கு மேல் டிப்ஸ்.

டிக்கெட் இல்லாத மேடைகள் கீழ் பிராட்வே தெருவில் இருக்கின்றன. காலை பத்து, பதினொன்றிலிருந்து நள்ளிரவு தாண்டிவரை ஒவ்வொரு ஹாங்கி-டாங்க்கிலும், அதாவது இசை மதுக்கூடத்திலும், மாடிக்கு ஒரு குழு வாசிக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. வாத்தியக்காரர்கள் முறைவைத்து நான்கு நான்கு மணி நேரம் வாசிக்கிறார்கள்: பத்து முதல் இரண்டு, இரண்டு முதல் ஆறு, ஆறு முதல் பத்து என்று. இரண்டு முதல் ஆறு முறைதான் எங்கள் தேர்வு. கூட்டம் குறைவு, சத்தம் தாங்கும், குழுவோடு பேச முடியும். பிள்ளைகளை உள்ளே விடுவதும் மாலைவரைதான். ஆறு மணியோ எட்டு மணியோ, கடைக்குக் கடை மாறும், அதன்பின் 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அவர்கள் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதானாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு நுரைக் காதடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கடை தரும் சம்பளம் சொற்பம், உண்டியல்தான் அவர்கள் பிழைப்பு. அரை மணி நேரம் கேட்டால் ஆளுக்கு ஐந்து டாலராவது போடுவது மரியாதை. நீங்கள் விரும்பும் பாட்டை வாசிக்கச் சொல்ல வேண்டுமென்றால் இருபது. பழைய கன்ட்ரி கேட்க ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டுக்குப் போங்கள். பிரபலப் பாடகர் பெயர் தாங்கிய பல மாடிக் கடைகளில் பெரும்பாலும் ராக் பாட்டுகள்தான் ஓடும்.

குழுத்தலைவரின் இடது கையைக் கவனியுங்கள். புதிய பாட்டு எடுத்தால் நாலு விரல், ஐந்து விரல் என்று பின்னால் காட்டுவார். நாஷ்வில் எண் முறை என்பது இது. 1950-களின் கடைசியில் இந்த ஊர் ஒலிப்பதிவுக் கலைஞர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, எழுத்தால் குறிக்காமல் ஆதார சுருதியிலிருந்து எத்தனையாவது என்று எண்ணால் குறிக்கிறார்கள். பாடுபவருக்குத் தொண்டை கட்டி அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் எழுதி வைத்த தாள் மாறாது. சட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்தாலும் ச-ரி-க-ம மாறாத ஊரிலிருந்து போகும் நமக்கு இது உடனே விளங்கும். 1, 4, 5 என்று அவர்கள் காட்டுவது நம் ச, ம, ப-வின் மேல் நிற்கும் கார்டுகளைத்தான். இன்னொன்று பெடல் ஸ்டீல் கிடார். காலடிப் பெடலாலும் முழங்கால் நெம்புகோலாலும் தந்தியை இழுத்து ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் வாத்தியம். கோட்டுவாத்தியம் கேட்ட காது அங்கேயே நின்றுவிடும்.

மாலைக் கச்சேரிக்கு இரண்டு வழி. பெரிய அளவில் என்றால் ஆப்ரி. 1974-இல் நகர மையத்திலிருந்து பத்து மைல் தள்ளிய புதிய அரங்குக்குப் போய்விட்டது. சுமார் 4,400 இருக்கை. ரைமன் மேடையிலிருந்து அறுத்தெடுத்த ஆறடி வட்ட மரப்பலகையைப் புதிய மேடை நடுவில் பதித்திருக்கிறார்கள். 2010 மே வெள்ளத்தில் அதுவும் மூழ்கிப் பின்பு சீராக்கப்பட்டது. வெள்ளி, சனி, பெரும்பாலான செவ்வாய்களில் நிகழ்ச்சி உண்டு. ஒருவரே இரண்டு மணி நேரம் பாடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு, நடுவே அறிவிப்பாளர் விளம்பரம் படிப்பார். நேரடி ரேடியோ ஒலிபரப்பு என்பதால் அப்படி. பிடிக்காதவர் வந்தாலும் பதினைந்து நிமிடத்தில் போய்விடுவார் என்பதுதான் அதன் சௌகரியம். காரைப் பக்கத்து வணிக வளாகத்தின் இலவச இடத்தில் விடுங்கள். அடுத்திருக்கும் பெரிய ஓட்டல் வாசல் வழியாக நுழைந்துவிட்டால் பார்க்கிங்குக்குத் தனிக் காசு.

சிறிய அளவில் என்றால் பாட்டெழுதுகிறவர்களின் வட்டம். மூன்று நான்கு பேர் கிடாரோடு உட்கார்ந்து, பிறர் பாடிப் புகழ்பெற்ற தங்கள் பாட்டுகளை முறைவைத்துப் பாடி, பிறந்த கதையும் சொல்வார்கள். 1982-இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே இதற்குப் பெயர்போனது; கடைத்தெரு ஓரத்தில் 90 பேர் உட்காரும் அறை. இணையத்தில் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், திறக்கும் நேரத்தைக் குறித்து வைத்திருங்கள். உள்ளே பேசினால் சத்தம் போடாதே என்று பக்கத்து மேசைக்காரரே அடக்குவார்; சபாவில் பாதிக் கச்சேரியில் எழுந்து கேன்டீன் போகும் பழக்கம் அங்கே எடுபடாது. கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் இன், 1974-இல் தொடங்கி, புளூகிராஸ் என்ற கிராமிய வாத்திய இசைக்குப் பெயர்போன இடம், இப்போது இருப்பது ஒரு கல்கட்டடத்தில். பேஞ்சோ, மான்டலின், பிடில், டோப்ரோ, பெரிய பாஸ், டிரம்ஸ் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத் தனி வாசித்து அடுத்தவருக்குக் கொடுப்பதைக் கேட்டால் தாளக்கட்டு தெரிந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

கிழமையைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் செவ்வாய் வாருங்கள். ஆப்ரி இருக்கும், பிராட்வேயில் கல்யாணப்பெண் தோழிகள் கூட்டமும், பயணிகளே மிதித்து ஓட்டும் மதுக்கூட வண்டிகளும் அவ்வளவாக இருக்காது, விடுதி வாடகையும் குறைவு. ஜூன் மாதம் நான்கு நாள் நடக்கும் சி.எம்.ஏ. என்ற கன்ட்ரி இசை விழாவில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அறையும் பார்க்கிங்கும் கிடைக்காது. இரண்டாம் நாள் காலை இருந்தால் பெல்வியூ பகுதியில் கணேசர் கோயில் இருக்கிறது, நம் பாணிக் கோபுரத்தோடு.

மெம்பிஸ் போகிறவர்கள் ஐ-40-ஐ விட்டுவிட்டு, பெல்வியூவுக்கு அருகே தொடங்கும் நாச்சஸ் டிரேஸ் சாலையில் மிசிசிப்பி மாநிலத்து டுபிலோ வரை சுமார் 180 மைல் போகலாம். எல்விஸ் பிறந்த இரண்டறை வீடு அங்கே இருக்கிறது. லாரிகள் கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, வேகம் பெரும்பாலும் 50 மைல்தான். பெட்ரோல் பங்கும் கிடையாது, அதனால் ஏறுமுன் டாங்கை நிரப்பிவிடுங்கள். அந்தி சாய்ந்தபின் மான் குறுக்கே பாயும், சாலையில் விளக்கும் இல்லை; மாலை நான்குக்குள் டுபிலோ சேரும்படி காலையிலேயே கிளம்புங்கள்.